இல்லாத கோட்டைத் தாண்டும் கால்கள்

2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. பதிவு செய்தவர்கள் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து நரம்பியல் மருத்துவர்கள் ஸ்னைடர்ஸ், ப்ளூம் இருவரும். நோயாளிக்கு வயது 58. பார்க்கின்சன் வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நடக்கச் சொல்கிறார்கள், கால் எழ மறுக்கிறது. எழுந்த பிறகு சின்னச் சின்ன எட்டுகள் ஒன்றையொன்று துரத்த, உடம்பு முன்னால் போய்க் கால் பின்தங்க, கடைசியில் வலப்பக்கம் சரிந்து விழுகிறார். நின்ற இடத்தில் திரும்பக்கூட முடியவில்லை. அடுத்த காட்சியில் அதே மனிதர் சைக்கிளில் இருக்கிறார். மிதிக்கிறார், வளைக்கிறார், தடுமாற்றமே இல்லை. பார்ப்பவர் யாரும் அவரை நோயாளி என்று சொல்லமாட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் மறுபடி தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

‘ஒட்டிக்கொள்கிறது’ என்பது இந்த நோயோடு வாழ்கிறவர்களின் சொல். மருத்துவர்கள் இதை நடை உறைதல் என்கிறார்கள். நடக்கவேண்டும் என்ற எண்ணம் இருக்கும், தசையில் பலமும் இருக்கும், ஆனாலும் சில நொடிகளுக்குக் கால் முன்னேறாது. எங்கே வரும் என்பதிலும் ஒரு விசித்திரமான ஒழுங்கு உண்டு. கதவு நிலையைக் கடக்கும்போது, குறுகலான இடத்தில், திரும்பும்போது, லிஃப்ட் கதவு திறந்து பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது, நடுவழியில் செல்பேசி அடிக்கும்போது. விரிந்த மைதானத்தில் நன்றாக நடந்தவர் தன் வீட்டுக் குளியலறை வாசலில் நின்றுவிடுவார். அதே மனிதர் மாடிப்படியில் மளமளவென்று ஏறுவார். வீட்டிலிருப்பவர்களுக்கு இதைவிட எரிச்சலூட்டும் முரண் வேறில்லை. படி ஏறத் தெரிகிறவருக்குச் சமதரையில் நடக்கத் தெரியாதா, வேண்டுமென்றே செய்கிறாரா என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை.

இந்த முரணுக்குள்தான் ஒரு சிகிச்சை முறை ஒளிந்திருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் அதைக் கண்ணாடிக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள்.

லண்டன் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றித் தன் சிறுநூலை எழுதியபோது அவர் கண்டவர்கள் ஆறே பேர். அதிலும் இருவரை அவர் தெருவில்தான் சந்தித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நோயறிதலுக்கு அவருக்குக் கிடைத்த பெரிய கருவி தெருவும் அதில் நடந்தவர்களின் நடையும்தான். குனிந்த முதுகும், நடை ஓட்டமாக மாறும் போக்கும் அவர் கண்ணில் பட்டன. மூளையில் என்ன நடக்கிறது என்பது தெரிய இன்னும் 140 ஆண்டுகள் ஆயின. 1950-களின் கடைசியில் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பங்கைக் காட்டினார். 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் அந்த டோபமைன் வற்றிப்போயிருந்ததைக் கண்டார்கள். அதன்பின் வந்த மருந்துதான் லீவோடோபா. (நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று: பூனைக்காலி விதையில் இதே பொருள் இருப்பதை 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது.)

லீவோடோபா நடுக்கத்தைத் தணிக்கும், விறைப்பைத் தளர்த்தும், மந்தமான கையை வேகப்படுத்தும். நடை உறைதலில் மட்டும் அதன் கை முழுதாக ஓங்குவதில்லை. மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் உறைதல் கூடுகிறது. நோய் முற்றிய சிலருக்கு மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் கால் நின்றுவிடுகிறது. அதனால்தான் மருந்துக்கு வெளியே வழி தேட வேண்டியிருந்தது. வழி தரையிலேயே கிடந்தது.

லண்டன் ஹைலண்ட்ஸ் மருத்துவமனையில், மூளை அழற்சிக்குப் பிறகு பார்க்கின்சன் அறிகுறிகள் வந்து பல்லாண்டுகளாகத் தங்கியிருந்தவர்களை ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்ற நரம்பியலாளர் ஆராய்ந்தார். 1967-இல் வந்த அவருடைய நூலில் ஓர் எளிய சோதனை வருகிறது. நடக்கும் திசைக்குக் குறுக்கே, எட்டு வைக்கும் இடைவெளியில், தரையில் வெள்ளைக் கோடுகள் போடுங்கள். நிற்கிற கால் நடக்கும். பின்னர் மெல்போர்னில் மெக் மோரிஸ், ராபர்ட் ஈயன்செக் குழு 1990-களில் அளந்து பார்த்தது. இந்த நோயாளிகளால் எட்டின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடிகிறது. காணாமல் போவது எட்டின் நீளம். கோடு போட்டால் அந்த நீளம் கிட்டத்தட்ட இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. நீண்ட எட்டு வைக்கும் திறன் அழியவில்லை. அதைத் தானாக எடுத்துத் தரும் ஏற்பாடுதான் பழுதாகியிருக்கிறது.

நாம் நடக்கும்போது ஒவ்வோர் எட்டையும் யோசிப்பதில்லை. பேசல் கேங்லியா என்ற மூளையின் ஆழ்பகுதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. டோபமைன் குறையும்போது முதலில் அடி வாங்குவது இந்தத் தானியங்கித்தனம். கோடு கண்ணில் பட்டால் பார்வையும் கவனமும் சார்ந்த வேறு பாதை, நெடுஞ்சாலை பழுதான ஊரில் கிராமத்து மண்பாதை கைகொடுப்பதுபோல, வேலையை ஏற்றுக்கொள்கிறது. மாடிப்படி பலிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்; ஒவ்வொரு படியும் ஒரு கோடு. மார்செயில் அசுலே குழு 1999-இல் இன்னொன்றையும் கண்டது. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் நடக்கவிட்டால், கோடுகள் தெரிந்தும் பயன் போய்விடுகிறது. நடக்க நடக்கக் கோடு நம்மை நோக்கி நகர்ந்துவருவதைத் தொடர்ச்சியாகப் பார்க்கவேண்டும். கோடு கண்ணில் தெரிந்தால் மட்டும் போதாது, காலுக்கடியில் அது வழுக்கிப் போகவும் வேண்டும். இந்தச் சின்ன முடிவைக் கண்ணாடி செய்கிறவர்கள் மறந்தால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

இதையெல்லாம் படிக்காத குடும்பங்களும் இந்த உத்தியைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. வாசலில் வண்ண டேப் ஒட்டுவார்கள். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து அதன் கொக்கியைக் காலுக்கு முன்னால் நீட்டித் தாண்டச் சொல்வார்கள். அல்லது தன் பாதத்தையே குறுக்கே வைத்து, “இதைத் தாண்டுங்க” என்பார்கள். சிக்கல் ஒன்றுதான். வீடு முழுக்க டேப் ஒட்டலாம், ஊர் முழுக்க ஒட்ட முடியாது. கோட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு போனால் என்ன?

1994-இல் டொரான்டோவின் பால் மில்கிராமும் ஜப்பானின் ஃபூமியோ கிஷினோவும் ஒரு கோட்டை வரைந்தார்கள். ஒரு முனையில் நாம் வாழும் உலகம். மறுமுனையில் முழுக்கக் கணினி படைத்த மெய்நிகர் உலகம். இடையில் இரண்டும் வெவ்வேறு விகிதத்தில் கலக்கும் எல்லாவற்றுக்கும் கலப்பு மெய்ம்மை என்று பேர் வைத்தார்கள். பார்க்கின்சன் நோயாளிக்கு இந்த இடைப்பகுதி முக்கியமானதற்குத் தெளிவான காரணம் உண்டு. இந்த நோயில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று உள்ளிருந்து வரும் செய்தி மங்குகிறது. சமநிலைக்குக் கண்ணையே அதிகம் நம்பவேண்டியிருக்கிறது. கண்ணை முழுக்க மூடும் மெய்நிகர் கவசம் தன் காலையே மறைத்துவிடும். கலப்பு மெய்ம்மைக் கண்ணாடியில் தன் காலும் தெரியும், தன் வீட்டு வாசலும் தெரியும். அவற்றோடு இல்லாத ஒன்றும் தெரியும்.

இந்த முயற்சி சியாட்டிலில் தொடங்கியது என்று சொல்லலாம். 1990-களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மனித இடைமுக ஆய்வகத்தில் சூசன் வெகோர்ஸ்ட் குழு, பார்வைப் புலத்தில் பொய்க் கோடுகளை மிதக்கவிடும் கண்ணாடியைச் செய்துபார்த்தது. அதற்கு உந்துதல் தந்தவர்களில் ஒருவர் பாத மருத்துவர். பார்க்கின்சன் அவருக்கே வந்திருந்தது. நோயாளியே பொறியாளர்களோடு உட்கார்ந்து வேலை செய்த அபூர்வமான தொடக்கம் அது. இஸ்ரேலின் டெக்னியானில் யோராம் பாராம் செய்த கண்ணாடி, சதுரங்கப் பலகைபோன்ற தரை ஓடுகளைக் காட்டியது. அணிந்தவர் நடந்தால் ஓடுகள் அவரை நோக்கி நகரும், நின்றால் நிற்கும். மார்செய் முடிவோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதன்பின் 2010-களில் கூகுள் கிளாஸ் வந்தது, 2016-இல் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் வந்தது. ஆய்வகத்துச் சாமான் கடைச்சரக்காக மாறியது.

ஹோலோலென்ஸை மாட்டிக்கொண்டு அறைக்குள் நிற்கிறவருக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நெற்றிக்கு மேல் பல கேமராக்கள். அவற்றில் ஒன்று அகச்சிவப்பு ஒளியை வீசி, அது திரும்பி வருவதைக்கொண்டு தரை எங்கே, சுவர் எங்கே, நாற்காலி எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. சில நொடிகளில் அறையின் வடிவம் மீன்வலை போட்டதுபோலக் கணினிக்குள் உருவாகிவிடும். இனி ஒரு நீலக் கோட்டைத் தரையில் வைத்தால் அது அங்கேயே கிடக்கும். தலையைத் திருப்பினாலும் கோடு கூட வராது, நெருங்கினால் பெரிதாகும், தாண்டினால் பின்னால் போகும். தொட்டுப் பார்க்கக் குனிந்தால் கை வெறும் மொசைக்கில் படும். கூகுள் கிளாஸால் இதைச் செய்ய முடியாது. அது கண்ணோரத்தில் ஒரு சின்னத் திரையைக் காட்டுவதோடு சரி. ஹோலோலென்ஸ் கோட்டை உலகத்தோடு கட்டிப்போட்டது. காகிதத்தில் பார்த்தால் மார்ட்டினின் வெள்ளைக் கோடு அப்படியே மீண்டு வந்துவிட்டது.

நடந்ததோ வேறு. நெதர்லாந்தில் யான்சென் குழு 2017-இல் உறைதல் உள்ள 25 நோயாளிகளுக்கு முப்பரிமாணப் பட்டைகளையும் படிகளையும் கண்ணாடியில் காட்டி நடக்கவிட்டது. தரையில் வைத்த நிஜப் பட்டைகளும் மெட்ரோனோமின் டிக்டிக் ஓசையும் நடையைச் சீராக்கிய அளவுக்குக் கண்ணாடி சீராக்கவில்லை. 2020-இல் அதே வட்டத்து ஆய்வாளர்கள் ஹோலோலென்ஸ் மாட்டி, உறைதலை அதிகம் கிளப்பும் செயலான நின்ற இடத்தில் திரும்புதலைச் சோதித்தார்கள். உறைதல் குறையவில்லை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டது அவர்களுக்குப் பெருமை. இந்தத் துறையில் நான் படித்த கட்டுரைகளில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தவை இந்தத் தோல்விக் கட்டுரைகள்தான்.

ஏன் பலிக்கவில்லை? முதல் சந்தேகம் சாளரத்தின் அளவின் மேல். முதல் ஹோலோலென்ஸில் பொய்யுருவம் தெரியும் பரப்பு மூலைக்கு மூலை ஏறத்தாழ 34 பாகை. கையை நீட்டி ஒரு புத்தகத்தைப் பிடித்தால் அது மறைக்கும் அளவைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பார்த்து நடப்பவருக்குத் தன் காலருகே இருக்கிற கோடு அந்தச் சாளரத்துக்கு வெளியே போய்விடும். கடைசி இரண்டு எட்டு, அதாவது கோடு காலுக்கடியில் வழுக்கிப் போகவேண்டிய அந்தக் கட்டம், காணாமல் போகிறது. ஸ்ட்ரோப் விளக்கில் நடந்தவர்களுக்கு அறுந்துபோன அதே இழை இங்கேயும் அறுகிறது. கோட்டைப் பார்க்கத் தலையைக் குனிந்தாக வேண்டும். ஏற்கெனவே கூன் விழுந்த நோயில், கிட்டத்தட்ட 580 கிராம் எடையை நெற்றியில் சுமந்துகொண்டு குனிவது! நடைப்பயிற்சியாளர்கள் வருஷக்கணக்கில் “நிமிர்ந்து பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்கு நேர் எதிர்.

இரண்டாவது, வெளிச்சம். இந்தக் கண்ணாடிகள் இருக்கிற ஒளியின்மேல் இன்னும் ஒளியைக் கூட்டத்தான் முடியும். கறுப்பை அவற்றால் வரையவே முடியாது. வெயில் விழும் முற்றத்தில் கோடு வெளிறிவிடும், பின்னாலிருக்கும் தரை அதனூடே தெரியும். மூன்றாவது காரணம் கொஞ்சம் மனம் சார்ந்தது. தரையில் கிடக்கும் கட்டையை மிதித்தால் தடுக்கும் என்று உடம்புக்குத் தெரியும். ஒளிக்கோட்டை மிதித்தால் ஒன்றும் ஆகாது என்பதும் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் லேசர் செருப்பின் முடிவு என்னை யோசிக்கவைக்கிறது. ஒரு செருப்பின் முனையிலிருந்து மற்றக் காலுக்கு முன்னால் தரையில் ஒரு லேசர்க் கோடு விழும். வேறு கணினி வித்தை எதுவும் அதில் கிடையாது. 19 நோயாளிகளிடம் செய்து 2018-இல் முடிவு வெளியான சோதனையில் மருந்தின் வேகம் குறைந்திருந்த நேரத்தில் உறைதல் எண்ணிக்கை 45.9 சதவீதம் குறைந்தது. மருந்து வேலை செய்த நேரத்தில் 37.7 சதவீதம். அதுவும் ஒளிக்கோடுதான். ஆனால் நிஜத் தரையில் விழுகிறது, எட்டு வைக்கிற காலடியிலேயே விழுகிறது, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆகவே கோட்டின் திடத்தன்மையைவிட அது கிடக்கும் இடம்தான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. என் மூன்றாவது காரணத்தை நானே பாதி வெட்டிக்கொண்டேன், போகட்டும்.

இங்கேதான் துறை மெல்லத் திசை மாறியது என்று நினைக்கிறேன். கண்ணாடியை ஊன்றுகோலாகப் பயன்படுத்துவது ஒன்று. பயிற்சிக் களமாகப் பயன்படுத்துவது வேறொன்று. ஊன்றுகோல் மாட்டிய நொடியில் பலிக்கவேண்டும், கழற்றினால் போய்விடும். பயிற்சிக் களம் கழற்றிய பிறகு பலிக்கவேண்டும். கலப்பு மெய்ம்மை முதல் வேலையில் திணறுகிறது. இரண்டாவதில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அந்த இடம் எது என்று காட்டுவது ஒரு பழைய கவனிப்பு. 1997-இல் ஸ்வீடனின் உமெயா நகரத்து ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறுகுறிப்பு எழுதினார்கள். கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்காக நின்றுவிடும் முதியவர்கள் பின்னால் விழும் வாய்ப்பு அதிகம். நடையும் பேச்சும் ஒரே கவனத்துக்குப் போட்டியிடுகின்றன. தானியங்கி நடை பழுதான பார்க்கின்சன் நோயாளிக்கு இந்தப் போட்டி இன்னும் கடுமை. பால் டம்ளரோடு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதே அவருக்கு இரட்டை வேலை. “ஒரு நேரத்தில் ஒரே வேலை” என்றுதான் இயன்முறை மருத்துவர்கள் பல காலம் அறிவுரை சொல்லிவந்தார்கள். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 121 நோயாளிகளிடம் நடந்து 2017-இல் முடிவு வெளியான ஒரு சோதனை அந்த அறிவுரைக்குப் பின்னாலிருந்த அச்சத்தைத் தளர்த்தியது. நடையையும் மூளை வேலையையும் பிரித்துப் பழக்கினாலும் சேர்த்துப் பழக்கினாலும் இரட்டை வேலை நடை முன்னேறியது, விழுதல் கூடவில்லை.

அப்படியானால் இரட்டை வேலையை எங்கே பழக்குவது? மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்லலாம். கூட்டம், குறுக்கே ஓடும் குழந்தை, தேங்கிய தண்ணீர், வழி தெரியாத திருப்பம் இவற்றையெல்லாம் தாழ்வாரத்துக்குள் கொண்டுவர முடியாது. வி-டைம் என்ற சோதனை அதற்கு ஒரு பதில் சொன்னது. அனத் மிரெல்மன் முதலானோர் 2016-இல் லான்செட்டில் வெளியிட்டது. பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் என ஐந்து இடங்கள். 60 முதல் 90 வயதுவரை 302 பேர். அனைவரும் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது விழுந்தவர்கள். முடிவுக்கு எடுத்துக்கொண்ட 282 பேரில் 130 பேர் பார்க்கின்சன் நோயாளிகள். பாதிப் பேர் வெறும் டிரெட்மில்லில் நடந்தார்கள். மீதிப் பேரின் எதிரே ஒரு திரை. கேமரா அவர்கள் காலின் அசைவைப் பிடித்துத் திரையிலுள்ள பாதைக்குள் போட்டது. பாதையில் தடைகள், கிளைவழிகள், கவனத்தைக் கலைக்கும் காட்சிகள். வாரம் மூன்று நாள், ஆறு வாரம்.

பயிற்சி முடிந்த பிறகு ஆறு மாதம் விழுதல்களை எண்ணினார்கள். டிரெட்மில் மட்டும் நடந்தவர்கள் ஆறு மாதத்துக்குச் சராசரி 10.7 முறை விழுந்துகொண்டிருந்தவர்கள், 8.27-க்கு வந்தார்கள். திரையோடு நடந்தவர்கள் 11.9-இலிருந்து 6-க்கு வந்தார்கள். இரு குழுவும் நடந்த தூரமும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் கண்ணெதிரே இருந்த வேலையில். தலையில் எதையும் மாட்டாத இந்த ஏற்பாட்டைக் கலப்பு மெய்ம்மை என்று கண்ணாடிக் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் பொய்யுலகத்துக்குள் மெய்க் காலின் அசைவு நடமாடுகிறதே! மில்கிராமின் கோட்டில் இதுவும் இடைப்பகுதியில்தான் வரும்.

டிரெட்மில்லில் இருந்து தரைக்கு இறங்கும் வேலையைக் கிளீவ்லண்ட் கிளினிக்கின் ஜே ஆல்பர்ட்ஸ் குழு எடுத்துக்கொண்டது. ஆல்பர்ட்ஸின் கதை நைமேகன் காணொளிக்குத் தம்பிபோன்றது. 2003-இல் ஐயோவா மாநிலத்தின் குறுக்கே நடக்கும் சைக்கிள் பயணத்தில், பார்க்கின்சன் உள்ள ஒரு பெண்ணோடு இருவர் மிதிக்கும் சைக்கிளில் போனார். அவர் முன்னால் வேகமாக மிதிக்க, பின்னால் இருந்தவரும் தன் இயல்பைவிட வேகமாக மிதிக்கவேண்டியிருந்தது. சில நாளில் அந்தப் பெண்ணின் கையெழுத்து தெளிவாகிவிட்டதைக் கவனித்தார். காலால் செய்த வேலை கையில் தெரிந்தது. உடற்பயிற்சியை மருந்துபோல அளந்து கொடுக்க முடியும் என்ற அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் வித்து அந்தப் பயணம்.

அந்தக் குழு ஹோலோலென்ஸ் 2-இல் இரட்டை வேலைப் பயிற்சியை எழுதியது. நோயாளி நிஜத் தாழ்வாரத்தில் நடக்கிறார். கண்ணாடி அவர் பாதையில் தடைகளையும் மூளைக்கு வேலையையும் வைக்கிறது. இயன்முறை மருத்துவர் கையில் ஒரு டேப்லெட். இதை, ஒருவருக்கு ஒருவர் என்று மருத்துவரே நேரில் நடத்தும் வழக்கமான இரட்டை வேலைப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் நடை முன்னேறியது; கண்ணாடி மனிதரை வெல்லவில்லை. விளம்பரக்காரர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கு இது நல்ல செய்தி. இரட்டை வேலைப் பயிற்சியைத் திறமையாக நடத்தத் தெரிந்தவர்கள் எங்கும் குறைவு. அவர் நடத்தும் அளவுக்கு ஒரு கருவி நடத்தினால், அவர் ஒரே நேரத்தில் இன்னும் சிலரைக் கவனிக்கலாம். அவர் இல்லாத ஊரிலும் பயிற்சி நடக்கலாம்.

ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்தின் மெல்வின் ரோர்டிங்க் குழு இன்னும் ஓர் அடி போய்ப் பயிற்சியை வீட்டுக்குள் வைத்தது. 24 நோயாளிகள், ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. கூடத்துத் தரையில் குழிகள் தோன்றும்; அகழெலி தலைகாட்டும்; எட்டி மிதிக்கவேண்டும். எட்டி மிதிப்பது என்பது நீண்ட எட்டு வைத்து, எடையை ஒற்றைக் காலுக்கு மாற்றி, விழாமல் திரும்புவது. மருத்துவமனையில் “இடது காலைப் பக்கவாட்டில் வையுங்கள், பத்து முறை” என்று அலுக்க அலுக்கச் சொல்லிச் செய்விக்கிற அதே பயிற்சி. இயன்முறை மருத்துவர் தொலைவிலிருந்து யார் எவ்வளவு செய்தார் என்று பார்த்து, விளையாட்டைக் கடினமாக்குவார் அல்லது எளிதாக்குவார்.

கண்ணாடிக்கு இன்னொரு பயனும் உண்டு. அறையில் தன் இடத்தை நொடிக்கு நொடி கணித்துக்கொண்டிருப்பதால் அது நடையையும் அளக்கிறது. தலையின் ஏற்ற இறக்கத்திலிருந்து எட்டின் நீளத்தையும் நேரத்தையும் எடுக்க முடியும் என்று இதே ஆம்ஸ்டர்டாம் குழுவினர் 2020-இல் ஆய்வகக் கருவியோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் முன்னால் பத்து மீட்டர் நடந்து காட்டுவதில் எப்போதும் ஒரு பிசகு உண்டு. மருத்துவர் பார்க்கும்போது எல்லோரும் நன்றாக நடப்பார்கள். நடையின்மேல் கவனம் திரும்பும்போது உறைதல் மறைந்துவிடும் நோய் அல்லவா? வீட்டில், விளையாட்டு மும்முரத்தில் எடுக்கும் அளவு அந்தப் பிசகைக் குறைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தராசின் மறுதட்டில் கனமானவை இருக்கின்றன. 2016-இல் வந்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, பார்க்கின்சன் மறுவாழ்வில் மெய்நிகர் முறைகளைப் பற்றிய எட்டு சோதனைகளை, மொத்தம் 263 பேரை, அலசியது. எட்டின் நீளத்தில் ஓரளவு முன்னேற்றம். சமநிலையிலும் வாழ்க்கைத் தரத்திலும் வழக்கமான இயன்முறைச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடில்லை. சான்றின் தரம் தாழ்வு. 2023-இல் வந்த இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு 156 சோதனைகள், 7,939 பேர் என்ற பெரிய குவியலை எடுத்துக்கொண்டு, நடனம், நீரில் பயிற்சி, எடைப் பயிற்சி என எந்த உடற்பயிற்சியானாலும் பெரும்பாலும் நல்லதே என்றது. எது செய்கிறோம் என்பதைவிடச் செய்கிறோமா என்பதே முதல் கேள்வியாகிறது. அங்கேதான் ஆம்ஸ்டர்டாம் அகழெலிக்கு மதிப்பு. அலுப்பில்லாமல் ஐந்து நாள் செய்ய வைத்தால் அது ஜெயித்தது.

அலுப்பு சின்ன விஷயம் இல்லை. லூவன், நியூகாசில், ஆம்ஸ்டர்டாம் மூன்று இடங்களில் 153 நோயாளிகளுக்கு வீட்டிலேயே மூன்று வாரம் ஒலி, ஒளி, அதிர்வுக் குறிப்புகளோடு நடக்கப் பழக்கிய ரெஸ்கியூ சோதனையின் முடிவு 2007-இல் வந்தது. நடை முன்னேறியது. பயிற்சி நின்று ஆறு வாரத்தில் அந்த முன்னேற்றம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. இந்த நோயில் பயிற்சி என்பது பல்துலக்குவதுபோல. நிறுத்தினால் சேர்த்துவைத்தது நிற்காது.

கருவிகளின் ஆயுளோ அதைவிடக் குறைவு. கூகுள் கிளாஸின் பொது விற்பனை 2015-இல் நின்றது. ஹோலோலென்ஸ் 2-இன் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024-இல் நிறுத்திவிட்டது. 2019-இல் அது வந்தபோது விலை 3,500 டாலர், நம் பணத்தில் அன்று இரண்டரை லட்சத்துக்குக் கிட்ட. பதினைந்து, இருபது ஆண்டு கூடவே வாழவேண்டிய நோய்க்கு ஐந்தாண்டில் கடையை மூடும் கருவி! மேஜிக் லீப் 2 போன்ற அடுத்த தலைமுறை இலகுவானதுதான். தலையில் 260 கிராம், கணினி இடுப்புக்குப் போய்விட்டது, சாளரமும் 70 பாகையாக விரிந்துவிட்டது. காலடிக் கோடு தெரியாத குறை ஓரளவு தீரும். அதன் ஆயுளுக்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

உடம்பின் பக்கத்திலிருந்தும் கேள்விகள் உண்டு. இந்தக் கண்ணாடிகளைக் குரலாலும் விரல் சைகையாலும் இயக்கவேண்டும். பார்க்கின்சன் மெலிதாக்குவது குரலை, நடுங்கவைப்பது விரலை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளுவதுபோலக் காட்டச் சொல்லும் பொறியாளர், அந்த விரல்கள் தாமாகவே மாத்திரை உருட்டுவதுபோல ஆடிக்கொண்டிருக்கும் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும். அதைவிட நுட்பமானது பொய்த்தோற்றம். நோய் முற்றும்போது பலருக்கு இல்லாத ஆட்களும் பூனைகளும் தெரிகின்றன. அவர்களுக்கு இல்லாத பொருளைத் தரையில் வைத்துக் காட்டுவது எவ்வளவு சரி? பல ஆய்வுகள் இத்தகையவர்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிடுகின்றன. பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் மிக அதிகமாக விழுகிறவர்களும், மறதி தொடங்கியவர்களும், பொய்த்தோற்றம் காண்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். சோதனைக்குள் வருகிறவர்கள் நடக்கத் தெரிந்த, புதுக் கருவிக்கு அஞ்சாத, நோயின் நடுக்கட்டத்தில் இருப்பவர்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019-இல் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் 85 லட்சத்துக்கு மேல். கால் நூற்றாண்டில் இரட்டிப்பு. வி-டைம் செய்ததுபோல ஆறு மாதம் விழுதல்களை எண்ணுவது செலவு, சலிப்பு, பொறுமை எல்லாம் கேட்கும் வேலை. தலையில் மாட்டும் கண்ணாடியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இன்னும் எட்டின் சென்டிமீட்டரையும் திரும்புவதற்கு ஆன நொடிகளையும்தான் எண்ணிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்து போகிறவர் கதவு நிலையில் நின்றாரா, கடந்தாரா என்பது அவற்றில் எங்கும் பதிவாவதில்லை.